கதவில் ஒரு சிவப்பு நம்பர்

மும்பையில் தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள். சர்வேக்காரர்கள் கதவில் நம்பர் எழுதினால்தான் மாற்று வீடு. கீழ் வீடுகளுக்கெல்லாம் எழுதிவிட்டு, தோல்பை தைக்கும் மாரிசெல்வியின் மாடி அறையை மட்டும் விட்டுவிட்டார்கள், பாவிகள்.

ஞாயிற்றுக்கிழமை, அவளோடு வேலை செய்பவர்கள் அவளை நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஆரே காட்டில் நடக்க இழுத்துப் போனார்கள். மரங்களைத் தாண்டி, நெல்வயல் வரப்போடு போனால் ஆதிவாசிக் குடிசைகள். ஒரு குடிசைக் கதவில் சிவப்பு நம்பர். அவளுக்கு வயிறு எரிந்தது.

"கொடுத்துவச்சவ நீ! நம்பர் போட்டுட்டானே," என்றாள் இந்தியில், வாசலில் நின்ற பெண்ணிடம்.

அந்தப் பெண் வயலைப் பார்த்தாள். "ஏழாவது மாடியில வீடாம். அங்கே நாத்து எங்கே நடுவேன்?"

 திரும்பும் வழி நெடுக அந்தச் சிவப்பு நம்பரைத் திட்டிக்கொண்டே வந்த மாரிசெல்வி, வீட்டுப் படி ஏறியதும் முதலில் கதவைத்தான் பார்த்தாள்.