எல்க் வேட்டைக்கு ஒரு சன்னம்

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கம்பி ஆலையில் வேலை செய்யும் குணசேகரத்தாருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐம்பது தாண்டிய பிறகு ஒரு வருசம் மண்டையை உடைத்துப் படித்து, ஜெர்மன் வேட்டைச் சோதனையில் தேறிய மனிசன். "வெள்ளியிலை விரதம், சனியிலை வேட்டை" என்று கோயிலடியில் நக்கல் அடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன இலையுதிர் காலத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. சவர்லாந்துக் காட்டில் ஒரு சிவப்பு மானுக்கு வெடி வைத்தார். துவக்கிலிருந்து பாய்ந்த சன்னம் வயிற்றில் பட்டு, மான் ஓடிவிட்டது. மறுநாள் காலை மோப்ப நாய் கண்டுபிடித்தபோதும் அதற்கு உயிர் இருந்தது. "சன்னம் சரியில்லை, பட்ட உடனை உடைஞ்சு போச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மனைவி மங்கையற்கரசியிடமும் வேட்டைக்கடையிலும் அதையேதான் சொன்னார். துவக்கைப் பூட்டி வைத்தார். இன்னொரு உயிரை அப்படித் துடிக்க விட்டால் வேட்டைக்கே முழுக்குப் போடுவது என்று மனதுக்குள் முடிவும் எடுத்துவிட்டார்.

இந்த வருசம் ஆவணியில் மனைவியின் தம்பி தபோதரன் கனடாவிலிருந்து அழைத்தான். "அத்தான், ஒக்டோபரிலை எல்க் வேட்டைக்குப் போறம். நீங்களும் வாங்கோ."

ஆசை யாரை விட்டது? இவர் அடுத்த நாளே வேட்டைக்கடைக்குப் போய், விற்பனை செய்யும் யூலியாவிடம் "எல்ஹ் சுடப் போகிறேன்" என்றார். ஜெர்மன் மொழியில் எல்ஹ் என்றால் கரண்டிபோல அகன்ற கொம்பும் குதிரையை மிஞ்சிய உயரமும் உள்ள மிருகம். காட்டுக்குள் கிட்டத்தில் நிற்கும் அந்த மலைபோன்ற மிருகத்துக்கு ஏற்றதாக, ஒன்பது மில்லிமீற்றருக்கும் மேல் தடிப்பான பாரச் சன்னம் வைத்த தோட்டாவை யூலியா சொன்னாள். கடையின் சுடுதளத்தில் பழகவும் ஒரு துவக்குக் கொடுத்தாள். அது இடித்த இடியில் தோள் நீலம் பாரித்தது. மூன்றாம் கிழமை இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் விசையை இழுத்தார். வெடிகள் நாலு பக்கமும் சிதறின. மனிசனுக்கு அழுகை வராத குறை.

அன்று பின்னேரம் தபோதரன் ஒரு படம் அனுப்பினான். அதில் நின்றது சிவப்பு மானேதான், உருவம் மட்டும் இரண்டு மடங்கு.

"இது எல்ஹ் இல்லையடா!"

"எல்க் அத்தான், எல்க்! ஊரிலை மரை மானைக்கூட வெள்ளைக்காரன் எல்க் எண்டுதானே சொன்னவன். நீங்கள் ஜெர்மன்காரனாகி அதையும் மறந்திட்டியள்."

படத்தைப் பார்த்த யூலியா வாய்விட்டுச் சிரித்தாள். "இது வாப்பிட்டி, அமெரிக்கப் பக்கத்துப் பெரிய மான். வெட்டவெளியான மலைச்சரிவில் தூரத்தில் நிற்கும். உங்கள் பழைய முப்பது-பூச்சியம்-ஆறு துவக்கே போதும். செப்புச் சன்னம் போடுங்கள். எலும்பில் பட்டாலும் உடையாமல் நெஞ்சுக்குள் போகும்."

தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தவள் கேட்டாள்: "பத்து வெடியில் பத்தும் எத்தனை மீற்றர் தூரம் வரை குறியில் படும்?"

"இருநூறு."

"போன வருசம் அந்த மானை எத்தனை மீற்றரில் சுட்டீர்கள்?"

அது குணசேகரத்தாரிடம் ஒரு வருசமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. "முந்நூற்றுக்கும் மேலே," என்றார். யூலியா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் மங்கையற்கரசிக்கும் கேட்கட்டும் என்று குசினியில் நின்றே தபோதரனுக்கு அழைத்தார்.

"நான் வாறன் தபோ. ஆனால் இருநூறு மீற்றருக்கு அங்காலை என்ன நிண்டாலும் சுடமாட்டன். என்னை ஏவக்கூடாது."

"ஏன் அத்தான், சன்னம் இன்னும் சரிவரேல்லையோ?"

மங்கையற்கரசி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சன்னத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றார். "போன வருசமும் இல்லை. எனக்கு எட்டாது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நான் சுட்டனான்."