செத்தும் சாகாத கப்டனின் கோட்டு

எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பாவுக்கென்று இருந்தவை கொஞ்ச வேட்டிகளும் சேட்டுகளும்தான். மீதி இடம் முழுக்க வெள்ளைக்காரர்கள் குடியிருந்தார்கள்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களுக்குப் பிறகும் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அசையவில்லை. ஒருவழியாகப் போனபோது, கப்பலில் ஏற்ற மனமில்லாததையெல்லாம் குவித்துவிட்டுப் போனது. கிண்ணியாவைச் சேர்ந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் அந்தக் குவியலை வாங்கிச் சாக்குச் சாக்காகக் கட்டினார். இரும்பு இரும்புக்காரரிடம் போனது. கம்பளி உடுப்பு மட்டும் போக இடமில்லாமல் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற எங்கள் ஊரில் கம்பளி தேவைப்பட்ட ஒரே மனிதர் என் அப்பாதான். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். அதன் பின்னாலேயே இறகு செருகிய தொப்பி, முழங்கை வரை ஏறும் வெள்ளைக் கையுறை, மணி கோத்த கைப்பை எல்லாம் வந்தன. கடைசியாகக் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு முழு நரி வந்தது. தோல்தான், ஆனால் முகமும் கண்ணாடிக் கண்களும் அப்படியே இருந்தன. விளக்கு வைத்த பிறகு அம்மா அந்த அலுமாரிப் பக்கம் போகவே மாட்டாள்.

அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு உடுப்பு கைக்கு வந்தால் அவர் முதலில் அதை உள்பக்கம் வெளியே வரப் புரட்டுவார். "வெளிப்பக்கம் ஊருக்குக் காட்டத் தைக்கிறது. உள்பக்கத்திலதான் தைச்சவன்ட மனச்சாட்சி தெரியும்" என்பார். அந்தக் கறுப்புக் கோட்டின் உள்ளே நாவற்பழ நிறத்தில் பட்டு வைத்திருந்தார்கள். யார் கண்ணுக்கும் படாத உள்பையின் ஓரத்தைக் கூட, எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னச் சின்னக் கைத்தையலாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் கொள்ளை ஆசை. இன்றைக்கும் கடையில் ஒரு சட்டையை எடுத்தால் புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கடைக்காரர்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பழகிவிட்டது.

கடற்காற்றின் ஈரத்துக்குக் கம்பளியில் பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் முற்றத்துக் கொடியில் போடுவார். வேலியோரம் போகிறவர்கள் நின்று, "என்ன கிளாக்கர், சீமையில இருந்து ஆக்கள் வந்து நிக்கினமோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அம்மாவுக்கு இருந்த பிரச்சினை வேறு. செத்தவரின் உடுப்பை எங்கள் ஆட்கள் வீட்டில் வைத்திருப்பதில்லை. காரியம் முடிந்த கையோடு உடுப்பு வெளுக்கும் கட்டாடியாரிடம் கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் கடலில் விட்டுவிடுவார்கள். ஆகவே சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் மட்டுமே எதுவும் வாசற்படி தாண்டலாம் என்று அம்மா சட்டம் போட்டாள். அப்பா சளைக்கவில்லை. கறுப்புக் கோட்டு ஒரு கப்டனுடையது, அவர் சீமையில் தோட்டம் கொத்திக்கொண்டு சுகமாக இருக்கிறார். நரிக்காரி அவருடைய பெண்சாதி, அவவுக்கு மூட்டுவலி மட்டும்தான். நாளடைவில் அம்மா அவர்களைச் சொந்தக்காரர் போல விசாரிக்கத் தொடங்கினாள். "அந்த மனிசிக்கு இப்ப முழங்கால் எப்பிடியாம்?" என்று கேட்பாள். "பரவாயில்லையாம்" என்பார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

ஆனால் தேத்தண்ணிக் கடையில், தோட்டம் கொத்துகிற கப்டனுக்கு யார் காது கொடுப்பார்கள்? அங்கே அப்பா சொன்ன கதையில் கப்டன் மகாயுத்தத்தில் கப்பலோடு தாழ்ந்தார். போவதற்கு முன் கோட்டைக் கழற்றி அப்பாவின் தோளில் போட்டார். ஒரே கப்டன் வீட்டில் வாழ்ந்தார், கடையில் செத்தார். அப்பாவோ தன் உத்தியோக காலம் முழுக்க எந்தக் கப்டனோடும் "யெஸ் சேர்" என்பதற்கு மேல் கதைத்ததில்லை. சாக்கு எங்கள் பின்வாசல் படலையால் வந்து இறங்குவதைப் பார்த்தவள் நான்.

அக்காவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சம்பந்தம் சாதகத்தில் முறிந்தது, இன்னொன்று காரணமே சொல்லாமல் முறிந்தது. மூன்றாவதாக வெருகலில் இருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை வாத்தியார், வீட்டில் வயலும் மாடும். கோயில் திருவிழாவில் அவரைத் தூரத்தில் கண்டிருந்த அக்கா, அரிசி கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தரையும் கூட்டிவர வேண்டாமெண்டு அப்பாட்டச் சொல்லு. எனக்கு ஏலாது." சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வந்தார்கள். அன்றைக்கென்று அலுமாரிக் கதவு தானாகத் திறந்திருந்தது. தானாகத் திறக்கும் கதவல்ல அது. மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "அதென்ன கோட்டு?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அப்பா கோட்டை எடுத்துவந்து விரித்தார். வாயில் வந்தது கடைக்கதை. "பெரிய கப்டன், அண்ணை. இதைக் கழட்டி என்ட கையில தந்துபோட்டுத்தான் சண்டைக்குப் போனவர். பிறகு வரேல்லை."

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார். "செத்த ஆளின்ட உடுப்போ? கலியாணம் செய்யப்போற வீட்டுக்குள்ளயோ?"

குசினியிலிருந்து அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "ஐயோ இல்லை! அவர் சீமையில சுகமா இருக்கிறார். தோட்டம் செய்யிறார்!"

மாப்பிள்ளையின் தகப்பன் அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வழக்குத் தீர்த்துப் பழகிய மனிதர். "கிளாக்கர், ஒரு ஆள் ரெண்டு விதமா இருக்க ஏலாது. அவர் செத்தவரோ, இருக்கிறாரோ? அதை வடிவாச் சொல்லுங்கோ. நாங்கள் அதுக்குத் தக்கமாதிரி எழும்புறதோ இருக்கிறதோ எண்டு பாப்பம்."

உயிரோடு என்றால் இவ்வளவு நேரமும் அளந்தது புளுகு. செத்தார் என்றால் சம்பந்தம் போச்சு. அப்பா அறைவாசல் திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே அக்காவின் கால்கள் தெரிந்தன. பெருவிரல் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது, அண்ணை" என்றார் அப்பா. "நான் ஒரு கப்டனோடயும் பழகினதில்லை. அவையள் போகேக்க எறிஞ்சுபோட்டுப் போன உடுப்பு. சாக்குக்குள்ள இருந்து பொறுக்கினனான்."

"எறிஞ்சதோ?"

"ஓம். எறிஞ்சது."

மாப்பிள்ளையின் தாய் கொஞ்சம் யோசித்தார். "எறிஞ்சதெண்டா உயிரோட நிண்டுதானே எறிஞ்சிருப்பார்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான், அக்காவின் கலியாணம் முற்றாகி நாளும் குறித்தாயிற்று. எனக்கு அந்த மனிசியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கோப்பையைப் பறித்து உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. கதை அன்றே கடைக்குப் போய்விட்டது. "கிளாக்கர், குப்பைமேட்டில இன்னும் ஏதும் கிடக்கோ?" என்று வேலியோரம் நின்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி வெறுமனே கிடந்தது.

கலியாணத்தன்று அப்பா வேட்டியும் சால்வையுமாக நின்றார். படம் பிடிப்பவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தும்போது, சம்பந்தி அப்பாவைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "அந்தக் கறுத்தக் கோட்டு... படத்துக்கு மட்டும்" என்றார். அப்பா கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது தோளை நீவி, பொத்தான்களையும் தானே பூட்டிவிட்டார். வேர்வை ஊற்ற ஊற்ற, வயிற்றை எக்கிக்கொண்டு சம்பந்தி படத்துக்கு நின்றார். படத்துக்கு மட்டும் போன கோட்டு வெருகலுக்கும் போனது. திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அக்காவின் பிள்ளைக்குப் பெயர் வைக்க நாங்கள் வெருகலுக்குப் போனோம். விறாந்தைச் சுவரில் அந்தப் படம் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வந்திருந்த விருந்தாளி ஒருவர் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"கடற்படைக் கப்டன் ஒராள் என்ட கையில தந்தது" என்று சம்பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். "நெருங்கின பழக்கம். இப்பவும் சீமையில சுகமா இருக்கிறார்." பிறகு எங்களைக் கண்டார். ஒரு கணம் தடுமாறினார். ஆனால் விருந்தாளி பார்த்துக்கொண்டிருந்தாரே, என்ன செய்வார்? "என்ன சம்பந்தி, உங்களுக்கும் அவரைத் தெரியுந்தானே?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார். உள்வாசலில் அக்கா பிள்ளையோடு நின்றாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள், கழுத்தில் புதுச் சங்கிலி. அவள் முகத்தில் ஒரு பயம் வந்து நின்றது.

"தெரியாமலோ" என்றார் அப்பா. "அருமையான மனிசன்."