ராமலட்சுமி சாப்பிட்ட காக்கைச் சோறு

ராமலட்சுமி போய்விட்டாள்.

காலை ஆறரைக்கு அவள் தம்பி நாகலாபுரத்திலிருந்து போன் செய்தார். பல் தேய்க்க எழுந்தவள் வாசற்படியில் உட்கார்ந்தாளாம்... அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். பயாலஜி லேப் அட்டெண்டர். பாம்பு கிடக்கும் பாட்டிலைத் துடைத்து வைத்துவிட்டு அதே கையால் உங்கள் கன்னத்தைக் கிள்ளுவாளே, அவள்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டும். வியாழக்கிழமை அங்கே என் மகளுக்கு ஆபரேஷன். நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாக விமானத்தில் போனதே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது, "பாவம், ராமலட்சுமி ஒன்றும் பார்த்ததில்லை, நான்தான் கூட்டிப் போகிறேன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். மதுரையில் விமானம் ஓடத் தொடங்கியதும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், எனக்குப் பயமா இருக்கு. உங்க கையப் பிடிச்சிக்கிடட்டுமா?" என்றாள்.

அவள் கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பேன், "பாஸ்போர்ட் இருக்கா, ராமலட்சுமி?" இடுப்புப் பையைத் தட்டிக் காட்டி, "ரெண்டும் இருக்கு டீச்சர்" என்பாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

சிங்கப்பூர் என்றால் வெறும் கண்ணாடிக் கட்டடங்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு தீவு முழுக்க ஊர், அந்த ஊர் முழுக்க மரம். இரண்டாம் நாள் காலையில் பூங்கா நடைபாதையில் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு எதிரே வந்தது. ஓணானைக் கண்டாலே ஒதுங்குகிறவள் நான். அப்படியே நின்றுவிட்டேன்.

"நம்ம லேபுல பாட்டில்ல ஓணான் கிடந்துச்சுல்லா டீச்சர், அதோட பாட்டன். வழி விடுங்க, அவிய போகட்டும்" என்று என்னை ஓரமாக இழுத்தாள்.

இன்னொரு நாள், ஆற்றங்கரையிலிருந்து நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஏறி வந்து ரோட்டைக் கடந்தது. குட்டிகளோடு எட்டோ ஒன்பதோ. கார்களெல்லாம் நின்றன. இவள் கையைத் தூக்கி, "ஏலே, வரிசையாப் போங்கலே! இப்படியா இடிச்சிக்கிட்டுப் போவிய?" என்று சத்தம் போட்டாள். பிரேயருக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அதே குரல்.

அந்தப் பயணத்தில்தான் என் கணவரின் திதி வந்தது.

அதைப் பற்றி இதே ஃபேஸ்புக் பக்கத்தில் அப்போது எழுதியிருந்தேன். ராமலட்சுமி போர்டைப் பார்க்காமல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டாள், சீருடைக்காரர் வந்துவிட்டார், நான் இங்கிலீஷில் பேசிச் சமாளித்தேன் என்று. நிறையப் பேர் சிரித்தீர்கள். அவளும் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

அந்தப் பதிவு பொய்.

சோறு வைத்தது நான்.

"இங்க எங்கயும் பறவைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாதும்மா, ஃபைன் போடுவாங்க" என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். பூங்காவில் போர்டும் இருந்தது. நான்கு மொழியில். தமிழிலும், பிழையில்லாமல்.

ஆனால் என் கணவர் போனதிலிருந்து, காக்கை எடுக்காமல் ஒரு திதிக்கும் நான் சாப்பிட்டதில்லை. சோறு, பருப்பு, ஒரு வடை... டிபன் டப்பாவில் கொண்டுபோய் மரத்தடியில் ஓர் இலையில் வைத்தேன்.

"வேண்டாம் டீச்சர், போர்டு போட்டிருக்கு" என்று தடுத்தது அவள்தான்.

காக்கை இறங்குவதற்கு முன்னால் சீருடைக்காரர் வந்துவிட்டார். "வாட் இஸ் திஸ், ஆன்ட்டி?"

கான்வென்ட்டில் படித்து, முப்பத்தைந்து வருடம் இங்கிலீஷ் நடத்தியவள். ஒரு வார்த்தை வரவில்லை. மகளின் வேலை, அவள் அங்கே தங்குவதற்கான அனுமதி, எல்லாம் என்னால் போயிற்று என்றே நினைத்தேன்.

ராமலட்சுமி சட்டென்று சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இலையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நோ காக்கா, சார். மை டிபன்."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கிளையில் இரண்டு காக்கைகள் கத்திக்கொண்டே இருந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குப்பைத் தொட்டியைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"காக்கை எடுக்கலையே, ராமலட்சுமி" என்று அழுதேன்.

"அதான் நான் எடுத்துட்டேம்லா. நம்ம வீட்டு சார் ஒண்ணும் கோவிச்சிக்கிட மாட்டாவ." இலையை மடித்தாள். "வடையிலதான் உப்பு கூடிப்போச்சு."

ஊருக்கு வந்து நான் மாற்றி எழுதினேன். அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பழைய பதிவை அழிக்க மாட்டேன். அதன் கீழே அவளுடைய சிரிப்பு இருக்கிறது. அதனால் இங்கே திருத்திவிட்டேன்.

சற்று முன் மகள் பேசினாள். "தனியா வர முடியலேன்னா வேண்டாம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன குரல் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நேற்றுப் பெய்த மழையில் அவள் தெருவுக்குள் கார் போகாது, கரிசல் சேறு சக்கரத்தை விடாது என்கிறார் டிரைவர். நடந்தாவது போய்விடுவேன்.

போன வாரம் டிக்கெட்டில் பெயர்களைச் சரிபார்க்க அவள் பாஸ்போர்ட்டையும் வாங்கி என்னுடையதோடு வைத்திருந்தேன். இன்றைக்கு அவள் தம்பியிடம் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து நான்கு தடவை கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டேன்.

போய் வா, ராமலட்சுமி.

ரெண்டும் இருக்கு.