அட்டியல் போட்ட படம்

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் படம் திருத்துவது என் வேலை. எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். முதற்பக்கத்தில் இறந்தவரின் வண்ணப்படம் இருக்கும். உயிரோடு இருக்கையில் குண்டுமணித் தங்கம் காணாதவர்களுக்கும் அதில் நான் தடித்த தாலிக்கொடி போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு சங்கிலி கிடையாது. கணினிக்குள் மட்டும் ஒரு நகைக்கடையே வைத்திருந்தேன்.

போன வருடம் ஒருவர் தன் மனைவியின் படத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாகச் சொன்னார். படம் ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கழுத்து வெறுமையாக் கிடக்குது. அட்டியல் ஒண்டு போட்டுவிடுங்கோ. சனம் பாக்கிறது."

வெறுமையாக ஒன்றும் இல்லை. படத்தைப் பெரிதாக்கியபோது கழுத்தின் ஒரு பக்கத்தில், பவுடருக்கு அடியில், இரத்தம் கன்றிய நாலு கண்டல்கள் மங்கலாகத் தெரிந்தன. நான் அட்டியலை எடுத்து வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேலை," என்று என் தோளுக்கு மேலால் கையை நீட்டித் திரையில் தொட்டுக் காட்டினார். நாலு விரல்களும் அந்த நாலு கண்டல்களின் மேல் அப்படியே பொருந்தி நின்றன. அவர் உடனே கையை எடுக்கவில்லை. அட்டியலை மேலே நகர்த்தினேன்.

பிறகு சேலையைக் காஞ்சிபுரமாக்கச் சொன்னார். நிறத்தை வெளுப்பாக்கி, ஒட்டிய கன்னத்தை நிரப்பச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "வடிவாக்கிடக்கு" என்றார். கடைசியில் சிரிப்பு ஒன்றுதான் அந்த அம்மாவினுடையதாக மிஞ்சியது. அதையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"பழைய படத்தை அழிச்சுப்போடுங்கோ."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அழித்தேன். எனக்கேன் வில்லங்கம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எண்ணினால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் புத்தகங்களை எடுக்க அவருடைய மகள் வந்தாள். பதினெட்டு வயது மதிக்கலாம். முதற்பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இது ஆர், அக்கா?"

"உங்கடை அம்மா."

"தந்த படம் இருக்கோ?"

"அழிச்சாச்சு."

வெளியே வாகனத்தில் இருந்த தகப்பன் ஹோர்ன் அடித்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பரவாயில்லை. அம்மாவின்ரை கழுத்தை நீங்கள் கண்டனீங்கள்தானே? கனடாவிலை மாமா இருக்கிறார். ஒருக்கா அவரோடை கதைப்பியளோ? நான் சொன்னா ஒருத்தரும் நம்பீனமில்லை. நான் உந்த வீட்டிலைதான் இருக்கவேணும்."

கண்டேன். எந்த விரல் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஹோர்ன் மறுபடியும் அடித்தது. பயந்துவிட்டேன்.

"நான் ஒண்டும் காணேல்லை, தங்கச்சி."

அவள் கோபிக்கவில்லை. புத்தகக் கட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மாட்டைக் கழுத்திலை என்னெண்டு கேட்டாலும் உப்பிடித்தான் ஒண்டுமில்லையெண்டு சொல்லுவா," என்றுவிட்டு வாகனத்தில் ஏறப் போனாள்.