சிக்னல் அறையின் மூன்று தேதிகள்

பதினேழு வருடமாகப் போக்குவரத்து சிக்னல் அறையில் உட்கார்ந்து நகரத்துச் சந்திகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. எந்த விளக்கு எப்போது பச்சையாக வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வண்டிகள் தடையில்லாமல் ஓடும்வரை அப்படியொருத்தி இருப்பதே யார் நினைவுக்கும் வராது. தங்கையோ, ஓட்டுநர் இல்லாத பேருந்து செய்யும் கம்பெனியில் சேர்ந்து மூன்றே வருடத்தில் பேட்டி, போட்டோ என்று கொடிகட்டிப் பறந்தாள். அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சின்னவள் புராணம்தான் பாடுவாள். பெரியவளைப் பற்றிக் கேட்டால், "அவளும் ஏதோ லைட்டு போடுற வேலைதான்" என்பாள். அக்காவுக்கு வயிறு பற்றி எரியும். வெளியே சிரித்து வைப்பாள்.

சோதனைக்கு விட்ட அந்தப் பேருந்துகளுக்கு விதி வகுக்க மாநகராட்சி ஒரு கூட்டம் கூட்டியது. முந்தின நாள் இருவரும் அம்மா வீட்டில் சாப்பிட்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் அந்தப் பேருந்து ஒதுங்காமல் நடுரோட்டில் உறைந்து நிற்பதை அக்கா ஒரே மாதத்தில் மூன்று முறை பார்த்திருந்தாள். மேலதிகாரிக்கு எழுதியும் போட்டாள். கம்பெனிக்குத் தெரிவிக்க விதி ஏதும் இல்லை என்று பதில் வந்தது. இப்போது தங்கையிடமே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அம்மா, "நாளைக்கு நீ பேசறதைக் கேக்க நானும் வரட்டுமா?" என்று சின்னவளிடம் கேட்டாள். பெரியவளும்தான் பேசப்போகிறாள் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அக்கா வந்த பேச்சை விழுங்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஓட்டுநர் சங்கத் தலைவர், வண்டிக்கு ஒரு ஆளாவது வேண்டும் என்றார். மோதினால் யார்மேல் வழக்குப் போடுவது என்று போலீஸ் அதிகாரி கேட்டார். கண் தெரியாத ஆசிரியர் ஒருவர், "மத்த பஸ் எனக்காக நிக்கறதில்ல, இது நிக்குது. இதைத் தடை பண்ணிடாதீங்க" என்றார். விதியை இறுக்கினால் வேலை முடங்கும் என்று தங்கை பேசி முடித்தபோது நல்ல கைதட்டல்.

அக்கா எழுந்து, பேருந்து ஆம்புலன்ஸை மறித்து நின்ற மூன்று தேதிகளையும் படித்தாள். மூன்றாவது முறை ஆம்புலன்ஸ் ஆறு நிமிடம் சிக்கிக்கிடந்ததைத் தங்கையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்த முகம் வெளுத்தபோது இவளுக்கு உள்ளே தித்தித்தது.

தங்கை சாக்குச் சொல்லவில்லை. "இது எங்களுக்குத் தெரியாது. தப்பு எங்களோடது. சிக்னல் ரூம் சொன்னா வண்டி நகரணும்னு விதியிலயே எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதினார்கள். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது, அதுவும் தங்கைக்குத்தான்.

படிக்கட்டில் தங்கை கேட்டாள்.

"நேத்தே உனக்குத் தெரியும், இல்லையா? ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சரிபண்ணியிருப்ப. பேரும் உனக்கே போயிருக்கும்."

"அந்த ஆம்புலன்ஸுக்குள்ள ஒரு உயிர் இருந்துச்சுக்கா."

அக்கா மீதிப் படிகளை இறங்கிப் போனாள்.

மறுநாள் பத்திரிகையில் 'தவறை ஒப்புக்கொண்ட பொறியாளர்' என்று தங்கையின் படம் வந்தது. சிக்னல் அறைக்கு ஒரு வரி, அதிலும் 'ஊழியர் ஒருவர்'. அக்கா அதை நாலு தடவை படித்தாள். அடுத்த மாதம் அவள் மேசையில் கம்பெனியோடு பேச ஒரு தொலைபேசி வைத்தார்கள். பேருந்து நின்றால் அவள் கூப்பிடுவாள், தங்கை எடுப்பாள். வண்டி எண்ணைத் தாண்டி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.