ஆணி அடிக்காத வீடு

பாட்டி போன பிறகு, பேத்தி அவளுடைய படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டு எடுத்துவந்தாள். கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்த பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டில் மாட்டுவதற்கு ஒரு ஆணிகூடக் கிடையாது.

கடிகாரம் பீரோ மேல் உட்கார்ந்திருந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கண்ணாடி தரையில் நின்று சுவரில் சாய்ந்திருந்ததால் குனிந்துதான் தலை வாரவேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த அத்தனை பேருக்கும் வகிடு கோணல். எல்லாம் பாட்டியின் உத்தரவு.

பாட்டி பட்டாளத்துக்காரரின் மனைவி. தாத்தாவுக்கு எங்கே மாற்றல் வந்தாலும் தகரப் பெட்டியும் பிள்ளைகளுமாகக் கிளம்பிவிடுவாள். போன இடத்தில் மூட்டையைப் பிரித்து, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, உயிருக்குயிராய்ப் பழகுவதற்குள் அடுத்த மாற்றல் வந்து நிற்கும். அவர் எல்லையில் இருந்த மாதங்களில் ஒற்றை ஆளாகக் குடும்பத்தை இழுத்தாள். வெளியே தாத்தாவின் வீரப் பிரதாபங்களுக்குக் குறைவே இல்லை. வீட்டில் அவள் தொண்டையைச் செருமினால் போதும், செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார்.

கல்யாணமான புதிதில், முதல் குடியிருப்பில், தாத்தா ஆசையாக ஒரு ஆணி அடித்து அவளுக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார். அதுவோ அரசாங்கச் சுவர். காலி செய்யும்போது ஓட்டை இருந்தால் திட்டு விழும். பாட்டி சாமர்த்தியமாக ஓட்டையில் பற்பசையை அப்பி, விரலால் வழித்துவிட்டாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பசை, யாருக்குத் தெரியப்போகிறது? எறும்புக்குத் தெரிந்துவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி, சுவரேறிய எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டே வந்து, நேராக ஓட்டையில் விரலை வைத்தார். விறைத்து நின்ற புது மாப்பிள்ளையைப் பெண்டாட்டி முன்னாலேயே காய்ச்சி எடுத்தார். பாட்டிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றோடு ஆணிக்குத் தலைமுழுகினாள்.

ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டிய பிறகும் அதே கதைதான். "நம்ம சுவர்தானே?" என்று தாத்தா சுத்தியலோடு வந்தால், "எப்பக் கிளம்பச் சொல்வாங்களோ, யார் கண்டா?" என்பாள். யார் சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்கும் துணிச்சல் பட்டாளத்துக்கு வரவில்லை.

"தாத்தா, உங்க கட்டிலுக்கு எதிர்ச் சுவர்ல மாட்டிடட்டுமா?" என்று பேத்தி கேட்டாள்.

"வேணாம்மா. பெட்டி மேல சாய்ச்சு வை."

மறுநாள் காலையில் பார்த்தால், தகரப் பெட்டிக்கு எதிரே தாத்தா தரையில் உட்கார்ந்திருந்தார். எழ முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"என்ன தாத்தா இது?"

"படுத்தா அவ தெரியல."

பேத்தி குனிந்தாள். கைகொடுத்துத் தூக்கிக்கொண்டே, "ஒரு ஆணிதானே தாத்தா?" என்றாள்.

"அவ ஒத்துக்க மாட்டாம்மா."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். உள்ளே ஒரு ஆணியும் ஒரு பற்பசையும்.

"பேஸ்ட் எதுக்கு?"

"காலி பண்ணும்போது ஓட்டைய அடைக்க வேணாமா? நாளைக்கு அவ கேட்டா நான்தானே பதில் சொல்லணும். எறும்பு வராத பேஸ்ட்டா குடுப்பான்னேன், கடைக்காரன் சிரிக்கிறான்."

பேத்தி வாங்கப் பார்த்தும் சுத்தியலைத் தரவில்லை. தன் கட்டைவிரலையும் ஒரு போடு போட்டு, ஆணியைக் கோணலாக அடித்து முடித்தார். படமும் சற்றுச் சரிந்தே தொங்கியது. அதில் பாட்டி இப்போதுதான் தொண்டையைச் செருமப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

தாத்தா கட்டிலில் படுத்துப் பார்த்தார். பிறகு பற்பசையை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"இதக் குளியலறையில வச்சிடும்மா. பல் தேய்க்க ஆகும்."

அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இனி மாத்தல் கிடையாது. நீ இங்கேயே இரு."