கண்ணுபட்ட குழந்தைப் போட்டி

கிராம சேவிகா வேலை என்பது, வரமாட்டேன் என்கிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வேலை. மாதர் சங்கக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஏன், சொந்த வீட்டுக் காதுகுத்தையாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜமுக்காளத்தை விரித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பாவத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஆலங்குடித் தாலுகாவில் ஒரு சின்ன டவுனில் எனக்கு வேலை; ஊர்க்காரர்களுக்கு நான் 'டீச்சர்'. தற்காலிகம்தான். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் வீட்டில் அடுப்பு எரிந்ததே என் சம்பளத்தில். அந்த வருஷம் சித்திரையில் கோடை விழா நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கோலப் போட்டி, பெண்களுக்கு ஓட்டப் பந்தயம், எல்லாவற்றுக்கும் மேலே ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. பரிசு கொடுக்க ஒரு பெரிய அதிகாரியின் மனைவி திருச்சியிலிருந்து வருகிறாராம். எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி, அதாவது பி.டி.ஓ., என்னைக் கூப்பிட்டு, "மேடை நிறையப் பிள்ளைங்க இருக்கணும்மா. காலியாக் கெடந்தா, ஒங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதுறது?" என்றார். 

தண்டோரா

முதலில் தண்டோரா போட ஏற்பாடு செய்தேன். ஊர்த் தண்டோராக்காரர் மாரிமுத்துவுக்கு நல்ல கணீர்க் குரல். "கைப்பிள்ளை வச்சிருக்கவுக எல்லாம் வார வெள்ளிக்கெழமை பிள்ளையைத் தூக்கிக்கிட்டுச் சந்தைப்பேட்டைப் பந்தலுக்கு வரவும்" என்று நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவர் நுழைந்த தெருவில் எல்லாம் படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு அம்மாள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகக் கடலைக்காட்டுக்குள் ஓடியதை நானே கண்ணால் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், பங்குனியில் அம்மை ஊசி போடுகிறவர்கள் வந்தபோதும் இதே மாரிமுத்துதான் இதே தெருக்களில் தண்டோரா போட்டிருக்கிறார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முழுத் தெருவும் முடித்துவிட்டு வந்து தப்பு மேளத்தைக் கீழே வைத்தவர் நிதானமாகச் சொன்னார்: "நான் பொங்கச்சோறு போடுறோம்னு சொன்னாலும் இனிமே இவுக கதவைச் சாத்தத்தாம்மா செய்வாக."

வாய் செய்த வேலை

சரி, வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவோம் என்று கிளம்பினேன். எந்த வீட்டில் கேட்டாலும் பிள்ளை மாமா வீட்டுக்குப் போயிருக்கிறது. பின்கட்டில் தூளி மட்டும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

கீரமங்கலம் சந்தைக்குப் பூக்கட்டி அனுப்புகிற அடைக்காயி வீட்டில்தான் ஒரு பிள்ளை கண்ணில் பட்டது. அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை, இது மூன்றாவது. ஆண்பிள்ளை, நடைவாசலில் மண்ணை அளைந்துகொண்டிருந்தான். அத்தனை தெரு அலைந்த சந்தோஷத்தில், "அடி ஆத்தி, என்னமா கொழுகொழுன்னு இருக்கான்! இவனுக்குத்தான் முதல் பரிசு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், அவள் பிள்ளையை வாரிச் சேலைக்குள் மூடினாள். தூ தூ என்று மூன்று தரம் துப்பினாள். நான் படியிறங்கும்போது, கோபமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டாள்: "கொஞ்சம் நில்லுங்க டீச்சர், ஒங்க காலடி மண்ணை ஒரு கை அள்ளிக்கிறேன், சுத்திப் போடணும்."

எலுமிச்சம்பழ ஓட்டம்

இதற்கு நடுவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் பந்தயத்துக்கு ஒத்திகை. வந்தது நான்கே பெண்கள். நான்கு பேரும் முக்காட்டை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கிறார்கள். ஓடுங்கம்மா, ஓடுங்கம்மா என்று தொண்டை கிழியக் கத்தினேன். தையற்காரர் சம்சாரம் டீக்கடைப் பக்கம் விரலைக் காட்டிவிட்டு முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "அங்கிட்டு எங்க மாமனார் ஒக்காந்திருக்காரு, நடந்து ஜெயிக்கிற போட்டியா இருந்தா வைங்க."

காய்ச்சல்

மறுநாளே அடைக்காயி பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டுவிட்டது. மிளகாய் சுற்றிப் போட்டதில் நெடியே வரவில்லை, அப்படியானால் பொல்லாத கண்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் தெருவில் போனால் தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள்கூட ஒதுங்கினார்கள். கண்ணேறு எல்லாம் மூடநம்பிக்கை என்று டிரெயினிங்கில் பரீட்சையே எழுதித் தேறியவள் நான். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஐயோ, இந்தப் பாழும் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று அடித்துக்கொண்டேன். விழாவாவது மண்ணாவது, வேலை போனால் போகட்டும், அந்தப் பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்தது.

அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் பிடித்துப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கோடையில் கெட்ட தண்ணீரால் வருவதுதான், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் பாதியாக வற்றிப்போனான், விலா எலும்பை எண்ணிவிடலாம். திரும்பி வரும் பஸ்ஸில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடைக்காயி சொன்னாள்: "கண்ணு வச்சதும் நீங்க, காப்பாத்துனதும் நீங்க, இனி ஒங்களை நான் எப்புடித்தான் திட்டுறது டீச்சர்?"

பந்தல்

வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பால்பவுடர் டப்பா உண்டு என்று சொல்லிவைத்ததில், வெள்ளிக்கிழமை தாய்மார்கள் வந்தே விட்டார்கள். வந்த கோலத்தைக் கேளுங்கள்! ஒவ்வொரு பிள்ளைக்கும் கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு மைப்பொட்டு. சட்டையெல்லாம் வேண்டுமென்றே கிழிசல். ஒரு பிள்ளைக்கு உடம்பு முழுக்கச் சாம்பல். போதாததற்கு, எங்க பிள்ளை திங்கவே மாட்டேங்குது, இது ராவெல்லாம் இருமுது என்று அம்மாக்கள் போட்டி போட்டுக்கொண்டு குறை சொல்கிறார்கள்.

அப்படியும் மேடையில் முன்வரிசை நிறையவில்லை. உங்கள் பெண் குழந்தையைக் கூட்டிவந்தால் என்ன சார் என்று பி.டி.ஓ.விடம் கேட்டேன். அவளுக்குப் பல் முளைக்கிறது, வெயில் ஆகாது என்று மழுப்பினார். அதற்குள் திருச்சி ஜீப்பின் ஹாரன் கேட்டது. மனிதர் பதறிப்போய், குழந்தையைத் தூக்கிவர வீட்டுக்குப் பியூனை ஓட விட்டார். நடுவராக வந்த லேடி டாக்டர் மேடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "என்னம்மா, இது ஆரோக்கியப் போட்டியா, ஆஸ்பத்திரி வார்டா?"

முதல் பரிசு

டாக்டர் எடை பார்த்து, பல் பார்த்து, முதல் பரிசு பி.டி.ஓ. குழந்தைக்குத்தான் என்று என் காதில் சொன்னார். பக்கத்திலிருந்த பி.டி.ஓ. முகம் செத்துவிட்டது. பந்தல் மறைப்புக்குப் பின்னால் அவர் மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு அழுகிறார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா, வீட்டுலதான் ஒத்துக்கமாட்டாங்க. வரிசையில கீழ எறக்கிப் போட்டுடுங்க" என்று பி.டி.ஓ. கெஞ்சினார். அடுத்த குழந்தையின் தாயைக் கேட்டேன். முதல் பரிசா, ஊர்க்கண்ணு பூராவும் எங்க மேலயா என்று எழுந்தேவிட்டாள். அதற்கு அடுத்தவள் பால்பவுடரையே திருப்பித் தந்தாள். ஒவ்வொருத்தியாக மேடையை விட்டு இறங்க ஆரம்பித்தார்கள். திருச்சி அம்மாள் கையில் கோப்பையோடு நிற்கிறார்.  அவ்வளவுதான், வேலை போயிற்று, அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்று காலியாகிக்கொண்டிருந்த மேடையைப் பார்த்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அடைக்காயி அப்போதுதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி மேடையேறினாள். "எம் பிள்ளைக்குக் குடுங்க டீச்சர். படவேண்டிய கண்ணு பட்டு, எமன்கிட்டப் போயி எந்திரிச்சு வந்தவன். இனி எந்தக் கண்ணு இவனை என்ன செஞ்சிரும்?" என்றாள். மைப்பொட்டு இல்லாத ஒரே பிள்ளை அவன்தான். டாக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இந்தக் குழந்தைக்கா?" என்று திருச்சி அம்மாள் திகைக்க, பி.டி.ஓ. மைக்கைப் பிடுங்கி, நோயை எதிர்த்து ஜெயிப்பதுதான் உண்மையான ஆரோக்கியம் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். இறங்கிய தாய்மார்கள் எல்லாம் திரும்ப ஏறிவந்து உட்கார்ந்தார்கள். பந்தல் அதிரக் கைதட்டல். அந்தச் சத்தத்தில் பி.டி.ஓ. என் பக்கம் குனிந்து சொன்னார்: "ஒங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நாளைக்கே எழுதிடுறேம்மா, எங்க பிள்ளைக்கு ரெண்டாவதுகூட வேணாம், மூணாவதே போதும்."

ஆகவே அன்பர்களே, வந்திருந்த பிள்ளைகளிலேயே நோஞ்சானைத் தேடி ஆரோக்கியத்துக்கு முதல் பரிசு கொடுத்த திறமைக்காகத்தான் சர்க்கார் என்னை நிரந்தரமாக வேலையில் வைத்துக்கொண்டது.